முப்பது நொடி ஸ்கெட்சிலிருந்து ஒரு கதாபாத்திரம்: முழுமையான வழிகாட்டி

ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து ஒரு பரிசல்காரரை வரைந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலை, தோள், கை, துடுப்பு எல்லாம் அளவாக அமைந்த படம். பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆனால் அந்த மனிதர் தண்ணீரோடு மல்லுக்கட்டவே இல்லை. விருந்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவர் போல இருக்கிறார். அதே தாளின் பின்பக்கத்தில், பரிசல் ஒரு சுழிப்புக்குள் போன சில நொடிகளில் கிறுக்கிய ஒன்பது பத்துக் கோடுகள் இருக்கின்றன. முகம் இல்லை, விரல் இல்லை. முதுகு மட்டும் வில்லாக வளைந்திருக்கிறது. உடம்பின் எடை முழுவதும் துடுப்பின் நுனிக்குப் போயிருக்கிறது. பிறகு ஒரு சிறுவர் கதைக்காக நான் உருவாக்கிய ஓடக்காரர் அந்தக் கிறுக்கலிலிருந்து பிறந்தவர்.

கிறுக்கலிலிருந்து ஓடக்காரருக்குப் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மிகைப்படுத்துவது என்றதும் மூக்கை நீட்டுவதும் வயிற்றைப் பெருக்குவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை கடைசியில் வர வேண்டியவை. முதலில் பெருக்க வேண்டியது, அந்த உடம்பு அந்த நொடியில் செய்துகொண்டிருக்கும் வினையை. குனிகிறதா, இழுக்கிறதா, தாங்குகிறதா என்பதைக் கண்டுபிடித்து அதை மட்டும் வளர்த்துக்கொண்டே போனால், ஆள் தானாக உருவாகிவிடுகிறார்.

தாள், பென்சில், மாடல்

தாள் மலிவாக இருக்கட்டும். நல்ல தாளைக் கண்டால் கை பயப்படுகிறது. ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் பின்பக்கமே போதும். ஏ4 அளவைவிட ஏ3 நல்லது, ஏனென்றால் அதில் மணிக்கட்டோடு நிற்காமல் தோளிலிருந்து கை அசையும். அடியில் வைக்கப் பரீட்சை அட்டை, ஒரு 6பி பென்சில் அல்லது கரித்துண்டு. பென்சிலைப் படுக்கவைத்துப் பிடித்தால் ஒரே இழுப்பில் ஒரு தொடையின் பருமனைக் கொண்டுவந்துவிடலாம். பால்பாயிண்ட் பேனாவும் பரவாயில்லை. அழிப்பானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு மாடலை வைத்து வரையும் வகுப்பு உண்டு. தருமபுரியில் இருக்கும் நான் செய்வது இதுதான்: நண்பர்கள் நான்கைந்து பேர் ஞாயிறு காலையில் மொட்டைமாடியில் கூடுகிறோம். ஒருவர் நிற்க மற்றவர்கள் வரைவோம், பிறகு முறை மாறும். அன்றாட உடையிலேயே நிற்கலாம். நமக்குக் கதாபாத்திரம்தான் வேண்டும் என்பதால் வேட்டியும் சேலையும் லுங்கியும் பயன்தான். நிற்கிறவரைக் கேட்காமல் புகைப்படம் எடுப்பதில்லை என்ற ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பிக்கை இருந்தால்தான் உடம்பு கூச்சமில்லாமல் நெளியும், சரியும், குதிக்கும்.

கைபேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நொடிப் போஸ் பத்து, ஒரு நிமிடப் போஸ் பத்து, இரண்டு நிமிடம் ஐந்து, ஐந்து நிமிடம் இரண்டு. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம், இருபத்தேழு படங்கள். முப்பது நொடியில் ஒற்றைக்காலில் நின்று கல்லெறிவது போன்ற கடினமான நிலைகளைக் கேட்கலாம். ஐந்து நிமிடத்துக்குச் சாய்ந்தோ அமர்ந்தோ இருக்கும் நிலைகளே தகும். மாடலின் முழங்காலுக்கும் இரக்கம் காட்ட வேண்டும்.

முதல் படி: வினையை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பென்சில் தாளைத் தொடுவதற்கு முன் ஒரு வினைச்சொல்லைச் சொல்லுங்கள், மனதுக்குள்ளாவது. "நிற்கிறார்" என்பது போதாது. ஊன்றி நிற்கிறாரா, சாய்ந்து நிற்கிறாரா, ஒருக்களித்து நிற்கிறாரா? உட்கார்ந்திருப்பவர் சம்மணமிட்டிருக்கிறாரா, குந்தியிருக்கிறாரா, குத்துக்காலிட்டிருக்கிறாரா? நம் மொழி இந்த விஷயத்தில் ஓவியருக்கு வாரிக் கொடுத்திருக்கிறது. எட்டிப் பார்ப்பதும் எக்கிப் பார்ப்பதும் ஒன்றில்லை. எட்டிப் பார்ப்பவருக்குக் கழுத்து முன்னால் போகிறது, இடுப்பு பின்னாலேயே தங்கிவிடுகிறது. எக்கிப் பார்ப்பவருக்குக் குதிகால் தரையை விடுகிறது, வயிறு உள்ளே ஒட்டுகிறது, உடம்பு முழுவதும் ஒரு தூணாக மேலே நீள்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்கோ தொண்டைதான் வினையின் மையம்.

சரியான சொல் கிடைத்துவிட்டால் எதைப் பெருக்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. அந்தச் சொல்லைப் படத்தின் அடியில் எழுதிவையுங்கள். பெயரையோ தேதியையோ எழுதுவதைவிட அது முக்கியம். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை எடுக்கும்போது, கோடு மறந்துபோயிருக்கும், சொல் நினைவூட்டும்.

இரண்டாம் படி: முப்பது நொடியில் எதை வரைவது?

தலையில் தொடங்கி முதுகெலும்பு வழியாக இறங்கி எடை தாங்கும் பாதம் வரை போகும் ஒற்றைக் கோடு. அதை ஓட்டக் கோடு என்று சொல்கிறேன். அது முதலில் வர வேண்டும், ஐந்து நொடிக்குள் வர வேண்டும். அடுத்து தோள்களின் சாய்வுக்கு ஒரு கோடு, இடுப்பின் சாய்வுக்கு ஒரு கோடு. பிறகு கைகால்கள், ஒவ்வொன்றும் ஓர் இழுப்பில். தலைக்கு ஒரு முட்டை வடிவம், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்ட முகத்தின் நடுவே ஒரு கோடு. நேரம் மிச்சமிருந்தால் மட்டும் தொடை, மார்புக்கூடு ஆகியவற்றின் பருமன்.

உடம்பின் ஓரத்தை நூல் பிடித்தாற்போல் சுற்றி வரைந்துகொண்டு போகாதீர்கள். ஓரக் கோட்டில் தொடங்குகிறவர் முப்பது நொடி முடியும்போது ஒரு காதையும் அரைத் தோளையும் வைத்துக்கொண்டிருப்பார்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூருக்கு அருகே மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழைய பாறை ஓவியம் இருக்கிறது. குதிரைமேல் இருக்கும் இரண்டு பேர் கையில் கோலுடன் மோதிக்கொள்கிறார்கள். கண், மூக்கு, தசை எதுவும் இல்லாமலே மோதல் புரிகிறது. வரைந்தவருக்கு வினைதான் தேவைப்பட்டது, அதோடு நிறுத்திக்கொண்டார். முப்பது நொடி ஸ்கெட்சுக்கு நம் மண்ணிலேயே அப்படி ஒரு முன்னோர் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மூன்றாம் படி: எடை எங்கே இறங்குகிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களின் கதாபாத்திரங்கள் காற்றில் மிதக்கும். அதனால் இங்கே சற்று நிதானமாக நிற்போம்.

ஒருவர் ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கும்போது, எடை தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறும். அதே பக்கத்துத் தோள் பெரும்பாலும் கீழே இறங்கும். தோள் கோடும் இடுப்புக் கோடும் எதிரெதிராகச் சாய்வதால் ஒரு பக்க விலா நெருக்கப்படும், மறுபக்க விலா நீளும். கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது எடை தாங்கும் பாதத்தின் மேலேயோ அதற்கு மிக அருகிலோ விழும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

சுமை சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. இடது இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு வரும் பெண்ணைப் பாருங்கள். இடுப்பு குடத்துக்கு மேடை போட்டதுபோல இடப்பக்கம் தள்ளும், மேலுடம்பு வலப்பக்கம் சாயும், வலக்கை விலகி வீசும். உடம்பும் குடமும் சேர்ந்த மொத்த எடை பாதங்களுக்கு மேல் வந்தாக வேண்டும் என்பதற்காக உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. தலைச்சுமைக்காரரிடம் இந்த வளைவுகள் காணாமல் போய்விடும். கழுத்தும் முதுகும் ஒரே தூணாகிவிடும், அசைவு முழுவதும் இடுப்புக்குக் கீழே நடக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். குடத்துக்காரியைப் பெருக்கும்போது வளைவைக் கூட்டுவீர்கள். தலைச்சுமைக்காரரைப் பெருக்கும்போது நேர்க்கோட்டைத்தான் கூட்ட வேண்டும், கழுத்தை இன்னும் விறைப்பாக்கி, கால்களின் நடையை இன்னும் விரைவாக்கி. மிகைப்படுத்துதல் என்றாலே வளைத்தல் என்று கைக்குப் பழகிவிட்டால் இதைத் தவறவிடுவீர்கள்.

சமநிலையை மீறலாமா என்று கேட்பார்கள். வினை "விழுகிறார்" என்றோ "பாய்கிறார்" என்றோ இருந்தால் தாராளமாக மீறுங்கள். மற்ற நேரங்களில் எவ்வளவு வளைத்தாலும் தூக்குக்குண்டு பாதத்தைத் தேடி வரட்டும்.

நான்காம் படி: இருபத்தேழில் மூன்று

படங்களைத் தரையில் பரப்பி, எழுந்து நின்று பாருங்கள். நின்ற உயரத்திலிருந்து பார்க்கும்போது எந்தக் கோடு கண்ணை இழுக்கிறதோ அதை எடுங்கள். திறமையாக வரைந்தது என்று நீங்கள் நினைக்கும் படம் பெரும்பாலும் அதில் இருக்காது. மூன்று போதும். மீதியைக் கட்டி வைத்துவிடலாம்.

ஐந்தாம் படி: அசலைக் கவிழ்த்துவிட்டு வரையுங்கள்

தேர்ந்தெடுத்த ஸ்கெட்சை ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு அதைக் கவிழ்த்துவிட்டுப் புதிய தாளில் நினைவிலிருந்து வரையுங்கள். நினைவு நல்ல சல்லடை. தேவையில்லாத சட்டை மடிப்பும் கைக்கடிகாரமும் அதில் தங்காது. பிரெஞ்சு ஓவியர் ஓனொரே தொமியே (1808–1879) பாரிஸ் மக்களை எவ்வளவோ வரைந்தவர், மாடலை முன்னால் நிறுத்தி வரைவதைவிட நினைவிலிருந்து வரைவதே அவருடைய வழக்கமாக இருந்தது.

இப்போது ஒரே போஸை மூன்று முறை வரைய வேண்டும். முதல் முறை, வினையைச் சிறிதளவு கூட்டுங்கள். முதுகு இருபது டிகிரி சாய்ந்திருந்தால் முப்பதாக்குங்கள். இரண்டாம் முறை நாற்பத்தைந்து. மூன்றாம் முறை, இது நடக்கவே நடக்காது என்று உங்களுக்கே தோன்றும் அளவுக்குக் கொண்டுபோய் உடைத்துவிடுங்கள். மூன்றாவதை வரையத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். அதை வரைந்தால்தான் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியும். என் கணக்கில் பயன்படும் படம் பெரும்பாலும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே கிடைக்கிறது, அதை நான்காவதாக வரைகிறேன்.

ஒன்றைக் கூட்டும்போது வேறொன்றை அடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முதுகும் கழுத்தும் கையும் காலும் ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் காதில் விழாது.

ஓர் உதாரணம்: களி கிண்டும் அத்தை

எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி வீட்டுச் சாப்பாடு. களி கிண்டுவது உடம்பு முழுவதையும் கேட்கும் வேலை. என் அத்தையிடம் காலிப் பானையையும் களித் துடுப்பையும் கொடுத்து ஒரு நிமிடம் கிண்டுவதுபோல் நிற்கச் சொன்னேன். "பானையில் ஒன்றும் இல்லாமல் எப்படியப்பா கிண்டுவது?" என்றார். அவர் சொன்னது சரி. எதிர்ப்பு இல்லாத வினையில் உடம்பு பொய் சொல்கிறது. அதனால் அடுத்த நாள் உண்மையான களியைக் கிண்டும்போதே வரைந்தேன்.

முதல் ஸ்கெட்சில் தெரிந்தவை: குனிந்த முதுகு, இரண்டு கைகளும் பிடித்த துடுப்பு, அகற்றி ஊன்றிய கால்கள். வினை "கிண்டுகிறார்" என்று எழுதினேன். திரும்பத் திரும்பப் பார்த்தபோது அந்தச் சொல் பொருந்தவில்லை. களி இறுகிய பிறகு கை கிண்டவில்லை, அழுத்துகிறது. தோளில் புறப்பட்ட எடை துடுப்பு வழியாகப் பானையின் அடிக்கு இறங்குகிறது. "அழுத்துகிறார்" என்று திருத்தினேன். அந்த ஒரு திருத்தம் படத்தையே மாற்றியது.

கிண்டுவதைப் பெருக்கியிருந்தால் கைகளைச் சுழற்றியிருப்பேன். அழுத்துவதைப் பெருக்க வேண்டியிருந்ததால் தோள்களைக் காதுக்கு மேலே ஏற்றினேன், தலையை அவற்றுக்கு நடுவே புதைத்தேன். முதுகின் வளைவு பிட்டத்திலிருந்து தோள்வரை ஒரே குன்றானது. துடுப்பை நேர்க்கோடாக வைத்தேன். உடம்பில் அவ்வளவு வளைவு இருக்கும்போது வளையாத ஒன்று படத்தில் இருந்தால்தான் அழுத்தம் தெரியும். மூன்றாம் முறை வரைந்தபோது பானை தரைக்குள் புதைந்தது, அத்தையின் பாதங்கள் தரையைவிட்டு எழும்பின. அது மிதமிஞ்சிப் போன படம். ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: ஒரு குதிகால் மட்டும் தரையை விடுவது. நான்காவது படத்தில் அந்தக் குதிகால்தான் எல்லோருக்கும் பிடித்தது.

முகத்தை எங்கும் வரையவில்லை. தோளுக்குள் புதைந்த கொண்டை மட்டும் தெரிகிறது. அத்தை பார்த்ததும், "என் கொண்டை இப்படித்தான் அவிழும்" என்றார்.

நேர்க்கோடும் வளைகோடும்

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாம்பழக் கூழுக்குப் போகும் கிளிமூக்கு மாங்காயை ஒன்று எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒரு பக்கம் புடைத்திருக்கும், மறுபக்கம் ஏறக்குறைய நேராக வந்து நுனியில் வளைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரேபோல் புடைத்திருந்தால் அது வெறும் பந்து. நம் உருவங்களின் கை, கால், உடல் எல்லாவற்றுக்கும் இதுவே பாடம். நீளும் பக்கத்துக்கு நீண்ட வளைகோடு, நெருக்கப்படும் பக்கத்துக்கு நேர்க்கோடோ குட்டையான மடிப்புகளோ. இரண்டு பக்கமும் ஒரேபோல் புடைத்தால் கை, ஊதிய பலூன் ஆகிவிடும். ஒரு மாலை முழுவதும் வெறும் மாங்காய்களை வரைந்து, அவற்றில் கைகால் முளைக்கவைத்துப் பாருங்கள். குண்டானவர், கூனல் விழுந்தவர், நெஞ்சை நிமிர்த்தியவர் என்று ஒரு கூடையே கிடைக்கும்.

ஆறாம் படி: அளவுகளைக் கலைப்பது

வினை உறுதியான பிறகுதான் உறுப்பின் அளவுகளில் கைவைக்க வேண்டும். வளர்ந்த மனிதரின் உயரம் சராசரியாக ஏழு அல்லது ஏழரைத் தலை அளவு இருக்கும். ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை அளவுதான். தலையைப் பெரிதாக்கி உயரத்தை மூன்று நான்கு தலைக்குள் கொண்டுவந்தால் எந்த உருவமும் குழந்தைத்தனம் பெறும். எட்டு, ஒன்பது தலைக்கு நீட்டினால் கம்பீரம் வரும்.

நம் சிற்பிகள் இதை நெடுங்காலமாகத் தாளக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஒரு தாளம் என்பது முகத்தின் நீளம். பெரும் தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து, பூதகணங்களுக்கு நான்கு. கோயில் தூணில் பல்லைக் காட்டிக்கொண்டு பாரம் சுமக்கும் பூதத்தைப் பாருங்கள். கால் குட்டை, வயிறு பெரிது, முகம் பெரிது. "தாங்குகிறது" என்ற வினைக்கு அந்த அளவு எவ்வளவு பொருத்தம்! நீண்ட கால்களோடு அதே பூதத்தை வரைந்தால் பாரமே தெரியாது.

தெருக்கூத்தும் இதே பாடத்தைச் சொல்கிறது. எங்கள் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் துரியோதனன் கட்டை வேடத்தில் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலேசான மரத்தில் செய்து கண்ணாடியும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டைகளும் அந்த மனிதரின் தோளை இரண்டு மடங்கு அகலமாக்கிவிடுகின்றன. கீழே பாவாடை விரிந்து சுழல்கிறது. கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கும் பையனுக்கும் அரசன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று தெரிய வேண்டும், அதற்காகவே அந்த அகலம். விடியலில் படுகளத்துக்கு, அதாவது துரியோதனன் வீழும் காட்சிக்கு, மண்ணில் செய்து படுக்கவைக்கும் துரியோதனனோ பல அடி நீளத்துக்குக் கிடப்பான். ஒரு மனிதனின் வீழ்ச்சி ஊர் முழுவதும் சுற்றி நின்று பார்க்கும் அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்று யாரோ ஒரு மகா கலைஞன் நினைத்திருக்கிறான்.

இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட விதி எளியது: வினை எந்த உறுப்பில் நடக்கிறதோ அது பெரிதாகட்டும், அதற்குப் பக்கத்தில் உள்ளது சிறிதாகட்டும். ஓடக்காரருக்கு முன்கைகளைப் பெருக்கி, கால்களைப் பரிசலுக்குள் சுருக்கினேன். பஸ் நிலையத்தில் காத்திருந்து களைத்த தாத்தாவுக்கு முழங்கால்களைப் பெருக்கினேன், ஏனென்றால் அவர் உள்ளங்கைகள் அங்கே ஊன்றியிருந்தன.

முகம், கை, துணி

முகம் கடைசி. போஸ் சொன்னதையே முகமும் சொல்லட்டும், குறைவான கோடுகளில். அழுத்துபவருக்குப் புருவமும் உதடும் உள்ளே குவியும். எட்டிப் பார்ப்பவருக்குப் புருவம் ஏறும், தாடை முன்னால் வரும்.

கைகளை விரல் விரலாக வரையத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு கையுறை வடிவம், கட்டைவிரல் தனியாக. சுட்டுவிரலுக்குத் தனி வேலை இருந்தால் மட்டும் அதைப் பிரித்துக் காட்டுங்கள்.

துணி உங்கள் கூட்டாளி. மடித்துக் கட்டிய வேட்டியில் இழுவிசை முடிச்சிலிருந்து விசிறியாகப் பரவும். சேலை முந்தானை உடம்பைவிட ஒரு நொடி தாமதமாக வரும். உடம்பு திரும்பிவிட்டது, முந்தானை இன்னும் பழைய திசையில் பறக்கிறது என்றால் அசைவு தெரிந்துவிடுகிறது. மடிப்புகளில் மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நிழல் சோதனை

படத்தின் மேல் இன்னொரு தாளை வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்புங்கள். அந்தக் கறுப்பு நிழலைப் படம் பார்க்காத ஒருவரிடம் காட்டி, "இவர் என்ன செய்கிறார்?" என்று கேளுங்கள். யார் என்று கேட்காதீர்கள். வினை வந்தால் படம் தேறிவிட்டது. வராவிட்டால் பெரும்பாலும் கை உடம்புக்குள் மறைந்திருக்கும். முழங்கையை வெளியே இழுத்து, கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் வரும்படி ஓர் இடைவெளி விடுங்கள்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்க்கப் போனால் இந்தச் சோதனையைக் கண்களாலேயே செய்து பாருங்கள். ஒரு கையில் வில், மறுகையில் வாள் என்று நிற்கும் வீரர்களின் கைகள் உடம்பைவிட்டு விலகி இருக்கும், கால்கள் அகன்று மடங்கியிருக்கும். கல் தேய்ந்து முகம் அழிந்துபோனாலும் அவர் போரிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சந்தையில் வரைவது

மொட்டைமாடிப் பயிற்சி கைக்கு வந்த பிறகு வெளியே போங்கள். ஞாயிறு கூடும் போச்சம்பள்ளிச் சந்தை எனக்குப் பிடித்த பள்ளிக்கூடம். அங்கே யாரும் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். அதனால் ஒரே ஆளை முடிக்க நினைக்காதீர்கள். மூட்டை தூக்குபவர் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், வினை அதே வினை. முதலாமவரின் முதுகையும் இரண்டாமவரின் கால்களையும் ஒரே படத்தில் சேர்க்கலாம். பேரம் பேசுபவர்களின் உள்ளங்கைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் சேர்த்துவையுங்கள். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வரத்து இருக்கும் காலையில் போனால் கூடை ஏற்றி இறக்கும் முதுகுகள் எத்தனையோ கிடைக்கும்.

யாராவது கவனித்துவிட்டால் தாளைக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

யாரை, எதற்காகப் பெரிதாக்குகிறோம்?

இதைச் சொல்லாமல் என்னால் இந்த வழிகாட்டியை முடிக்க முடியாது. உடற்குறை, தோல் நிறம், ஏழ்மை, சாதி அடையாளம் ஆகியவற்றைப் பெருக்கிச் சிரிப்பு வரவழைப்பது எளிது, அதனாலேயே அது மலிவு. தொமியே 1831-இல் அரசன் லூயி பிலிப்பை, மக்களின் பணத்தை வாய்வழியே விழுங்கும் ராட்சதனாக வரைந்தார். அதற்காக 1832-இல் சிறைக்குப் போனார். அவர் பெருக்கியது ஓர் அரசனின் விழுங்கும் வினையை. அந்தத் துணிவை எண்ணிப் பார்க்கும்போது, வெயிலில் மூட்டை சுமப்பவரின் பல்லைப் பெருக்கி வரையக் கை கூசுகிறது. அவர் சுமப்பதைப் பெருக்குங்கள். மூட்டை அவரைவிட நான்கு மடங்கு பெரிதாகட்டும், அவர் பாதம் தரையைப் பிளக்கட்டும். அந்தப் படத்தை அவரிடமே காட்டலாம்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

படம் விறைப்பாக வருகிறது என்றால் ஓட்டக் கோட்டைத் தவிர்த்துவிட்டுத் தலையின் வடிவத்தை முதலில் வரைந்திருப்பீர்கள். ஒரு வாரம் பாதத்திலிருந்து மேல்நோக்கி வரையுங்கள், கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகும்.

மிகைப்படுத்திய படம் ஸ்கெட்சைவிட உயிரற்றதாக இருக்கிறது என்பது இன்னொரு புகார். இது எனக்கு இன்றும் நடக்கிறது. ஸ்கெட்ச் முப்பது நொடியில் பிறந்தது, இரண்டாவதை முப்பது நிமிடம் வரைந்தால் உயிர் எப்படித் தங்கும்? மூன்று முறை வரைவதையும் தலா இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். பொறுமையான வேலை நான்காவதற்குப் பிறகு.

எல்லாக் கதாபாத்திரங்களும் ஒரே ஆள் போல இருக்கின்றன என்றால் உங்கள் வினைப்பட்டியல் சிறியது. அகராதியை எடுத்து, உடம்பு செய்யக்கூடிய நூறு வினைகளை எழுதி, நாளுக்கு ஐந்து வீதம் வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லி வரையுங்கள். நெளிதல், துழாவுதல், உந்துதல், பம்முதல், தத்துதல் என்று தேடத் தேட வரும்.

நான்கு வாரம்

முதல் வாரம் முழுவதும் முப்பது நொடிப் போஸ்கள் மட்டும். இரண்டாம் வாரம் எடையும் தூக்குக்குண்டும். மூன்றாம் வாரம் மூன்று முறை வரைதலும் நிழல் சோதனையும். நான்காம் வாரம் உங்களுக்குப் பிடித்த ஒரே கதாபாத்திரத்தை எடுத்து, அவர் பிறந்த வினையிலிருந்து பிரித்து, வேறு வினைகளைக் கொடுங்கள்: தூங்கட்டும், பேரம் பேசட்டும், மழைக்கு ஒதுங்கட்டும்.

என் ஓடக்காரரை அப்படித்தான் தருமபுரி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். பஸ் வரும் திசையைப் பார்த்து முன்னால் சாய்ந்திருக்கிறார். குடையைத் துடுப்பு போல இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், தன் சட்டை நனைந்துவிடும் என்பதுபோல இரண்டு விரற்கடை விலகி அமர்ந்திருக்கிறார்.